கத்திரிப்பூ கலருக்குக் கொடி கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் நிறங்களில் முக்கியமானவற்றை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் எவராக இருந்தாலும் அடுத்த வரிக்குப் போவதற்குள் நான் எந்தச் சாதி, என் கேப்டன் எந்தச் சாதி என்று கண்டுபிடித்து, யார் பக்கம் நிற்பது என்பதையும் முடிவு பண்ணிவிடுவார். அதனால் எங்கள் தெரு நிறம், அவர்கள் தெரு நிறம், அம்புட்டுத்தான்.

எங்கள் ஊரை மெயின் ரோடு ரெண்டாகப் பிளக்கிறது. ரோட்டுக்குக் கிழக்கே நாங்கள். தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இப்போது எங்களுக்கும் கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கிறது. தெருவில் ரெண்டு போலீஸ், ஒரு நர்ஸ், பி.காம். முடித்துவிட்டு மொபைலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் நான். ரோட்டுக்கு மேற்கே அவர்கள். பஸ் ஸ்டாப் தூண், தண்ணீர்த் தொட்டி, கரண்ட் கம்பம் என்று எதை விட்டார்கள்? எல்லாவற்றிலும் அவர்கள் தெருவின் ரெண்டு நிறம் பட்டை பட்டையாக அடித்திருக்கும். எங்கள் நிறத்துக்கு ஊரில் ஒரே இடம்தான், தெருமுனைப் பலகை. அதில் எவனோ சாணி அடித்துவிட்டான் என்று ஒருமுறை அடிதடி ஆகப் பார்த்தது. அன்றிலிருந்து அதை இரும்பு வலைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கையில் கயிறு கட்டியிருப்போம். கேட்டால் சாமிக் கயிறு என்போம். எந்தத் தெரு சாமி என்பதைக் கயிற்றின் நிறம் சொல்லிவிடும். புதிதாக வந்த பி.டி. டீச்சர் ஒருநாள் பிரேயரில் கத்தரிக்கோலோடு வந்து, வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக வெட்டினார். எனக்கு முன்னால் நின்றவள்தான் பிற்காலத்தில் என் கேப்டன் ஆனவள். அவள் கயிறு கீழே விழுந்ததும் திரும்பி, என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"என்னடி, முருங்கைக்காய் மாதிரி இருக்கு. என்னைய ஒரு தடவ புடிச்சா ஒடிஞ்சுரும்போல."

"புடிச்சுப் பாப்பமா?"

அன்று சாயங்காலமே கபடி. நான் அவள் கணுக்காலைப் பிடித்தேன், அவள் என்னைக் கோடு வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அப்படி ஆரம்பித்த டீம், காலேஜ் முடிந்த பிறகும் நிற்கவில்லை. பன்னிரண்டு பேர். மேற்கே ஏழு, கிழக்கே ஐந்து. இந்த ஊரில் ரோட்டைத் தாண்டி ஒன்றாகச் செய்கிற காரியம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரேஷன் கடையில்கூட வேறு வேறு நாள்.

கேப்டன் பி.டி. டீச்சராவதற்கு பி.பி.எட். சேர வேண்டும் என்று நின்றாள். அவள் அப்பா லாரியில் வடக்கே போனால் வருவதற்கு மாசக்கணக்காகும். வீட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் அவளுடைய சித்தப்பாதான். அவர் ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் நடக்கிற போட்டியில் விளையாடட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவட்ட டீம் செலக்‌ஷனுக்கும் போகட்டும், தேறினால் படிக்கட்டும், தேறாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கலாம். அவள் தேறுவாளா என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ரைடு போனால் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு வருகிறவள்.

அந்தப் போட்டிக்கு ஜெர்சி கட்டாயம். அதுவரை ஆளுக்கு ஒரு டீ-சர்ட்டில்தான் ஆடிக்கொண்டிருந்தோம். என்ன கலர் என்று குரூப்பில் கேட்டதுதான் தாமதம், ரெண்டு வாரம் சண்டை.

"வெள்ளை?"

"எழவு வீட்டுக்காடி போறோம்?"

"கருப்பு?"

"மலைக்குப் போறீங்களா, கட்சி ஊர்வலத்துக்குப் போறீங்களான்னு கேப்பாய்ங்க."

"காவி எடுப்பா இருக்கும்ல."

"நீ மொதல்ல குரூப்பை விட்டு வெளிய போ."

சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எதைச் சொன்னாலும் ஒருத்தி உர்ரென்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் பக்கம் ஒரு நிறம் தனியாக இருந்தால் எவனும் கண்டுகொள்ள மாட்டான். பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தால்தான் வம்பு. பச்சைச் சேலை கட்டிய பெண் பாட்டுக்குப் பஸ்ஸில் போவாள். அதே பச்சைக்குப் பக்கத்தில் இன்ன நிறப் பட்டை என்றால், ஏறும்போதே பத்துப் பேர் கழுத்தைத் திருப்புவார்கள்.

கடைசியில் கத்திரிப்பூ கலரில் வந்து நின்றோம். எந்தச் சங்கத்துக்கும் கத்திரிப்பூவில் கொடி இல்லை, எந்தக் கட்சிக்கும் வேட்டிக் கரை இல்லை. உடம்பு, கை, காலர் எல்லாம் அதே கலர். கோடு, பட்டை, பார்டர் எதுவும் கிடையாது. மதுரைக்குப் போய்த் தைத்து வாங்கி வருவது என் பொறுப்பு.

"ஒத்த நூலு வேற கலர்ல வரட்டும், உன்னைய ஏறி மிதிச்சிருவேன்" என்று சொல்லித்தான் கேப்டன் என்னை டவுன் பஸ் ஏற்றிவிட்டாள்.

கடை மதுரைக்குள்ளே ஒரு சந்தில். தையல் மெஷின்கள் வில்லாபுரத்தில். கடைக்காரப் பாய்க்கு நாற்பது வயசுக்குள்தான் இருக்கும். கழுத்தில் இஞ்சு டேப், காதில் ப்ளூடூத். யாரோடு பேசுகிறார் என்றே கண்டுபிடிக்க முடியாது.

"பொம்பளப் பிள்ளைக டீமா? மாஷா அல்லா. பேரு, நம்பர் எல்லாம் பேப்பர்ல எழுதிக் குடுத்துரும்மா. போன தடவ ஒருத்தன் வாயால சொல்லிட்டுப் போனான், ஏழு பேருக்கும் ஏழாம் நம்பர் அடிச்சுட்டேன்."

துணியை விரித்துக் காட்டினார். சரியான கத்திரிப்பூ. அப்புறம் தலையைச் சொறிந்தார்.

"உடம்புத் துணி இருக்கு. காலருக்குப் போடுற ரிப்பு இந்தக் கலர்ல இல்ல. திருப்பூர்ல இருந்து வரணும், அஞ்சு நாளாயிரும். உங்களுக்கு எப்ப வேணும்?"

"சனிக்கிழமை பாய். ஞாயித்துக்கிழமை மேட்ச்."

அவர் உள்ளே போய் ஒரு சுருளை எடுத்து வந்தார். ரெண்டு விரல் அகலம், கோடு போட்ட ரிப். எங்கள் தெருவின் ரெண்டு நிறம். ஏதோ நினைவு நாளுக்கு டீ-சர்ட் தைத்ததில் மிச்சமாம்.

"இதுதான் கையில இருக்கு. தச்சா அழகாத்தான் இருக்கும். ஆனா..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "எங்கிட்ட எல்லா ஊருக்காரவுகளும் தைக்கிறாக. அதான் கேக்குறேன். உங்க ஊர்ல பரவாயில்லையாம்மா?"

நான் அந்தச் சுருளைக் கையில் வாங்கினேன். வலைக்கு வெளியே அந்த ரெண்டு நிறத்தையும் துணியாகத் தொட்டது அப்போதுதான். கத்திரிப்பூத் துணிமேல் வைத்துப் பார்த்தேன். ச்சே, எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? ரைடு போகிறவளின் கழுத்தைத்தான் முதலில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அந்தக் கழுத்து யாருடையது என்பதும் எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் யாரு பாக்கப் போறா பாய்? போடுங்க."

நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நேரம் இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். இதை எழுதும்போது விரல் கொஞ்சம் நிற்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் பையைப் பிரித்தேன். கிழக்குத் தெருப் பெண்கள் நான்கு பேரும் பேசாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்ததை உதட்டைக் கடித்து அடக்கினாள். மேற்குத் தெருப் பெண்கள் கவரைப் பிரித்து, காலரைப் பார்த்து, கேப்டன் முகத்தைப் பார்த்தார்கள். கேப்டன் கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒருமுறை தேய்த்தாள். அழித்தால் போய்விடும் என்பது மாதிரி.

"என்னடி இது?"

"ரிப்பு. அந்தக் கலர்ல இல்லையாம். வேற வழியில்ல."

"வேற வழியில்லையா? ஒரு போன் அடிக்க முடியாதா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுடி..."

மைக்கில் எங்கள் டீம் பெயரைக் கூப்பிட்டார்கள். ரெண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டால் எதிர் டீமுக்கு வெற்றி. மற்ற மேற்குத் தெருப் பெண்கள் காலரை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டார்கள். கேப்டன் மடிக்கவில்லை. கபடியில் அது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். தலை வழியாக மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனாள். அன்றைக்கு அவள் ஆடியது மாதிரி நான் பார்த்ததே இல்லை. என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் எதிர் டீம் பிள்ளைகள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவள் கோட்டைத் தொட்டு விழுந்து எழுந்த ஒரு நொடியை எவனோ போட்டோ எடுத்தான். கத்திரிப்பூ முழுக்கப் புழுதி. காலர் மட்டும் பளிச்சென்று.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அந்தப் போட்டோ எங்கள் தெருப் பையன்கள் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. பின்னால் சங்கப் பாட்டு, மேலே எழுத்து: "மேற்குத் தெரு கழுத்துல நம்ம கலரு." என் அண்ணன்தான் முதலில் போட்டானாம். அங்கிருந்து அது ரோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வேறு கதையாகியிருந்தது. சட்டையை எவனோ கிழக்குத் தெருப் பையன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதைத்தான் அவள் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்று. எங்கள் ஊர்ப் பக்கம் பெண்பிள்ளை விஷயத்தில் அப்படி ஒரு கதை கிளம்பினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அரையிறுதிக்குக் காத்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அவள் சித்தப்பா பைக்கில் வந்து இறங்கினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னத்தா, கொடி மாறிருச்சு?"

"ரிப்புத்தான் சித்தப்பா. கடையில மாறிருச்சு."

"எவன் குடுத்த சட்ட?"

"எவனும் இல்ல. இவதான் தச்சு வாங்கிட்டு வந்தா."

அவர் என்னைப் பார்த்தார். ஆறு வருஷமாகப் பார்த்த ஆள்தான். கேப்டனைப் போலவே நானும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். "நீ எந்தத் தெரு புள்ள?" என்று கேட்டார். புதிதாகப் பார்க்கிற மாதிரி.

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதன் கரையில் அவர்கள் தெரு நிறம். அதைக் கேப்டனின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, காலர் தெரியாதபடி ரெண்டு பக்கமும் இழுத்துவிட்டார். குழந்தைக்குக் குளிருக்குப் போர்த்துகிற மாதிரி மெதுவாகத்தான் செய்தார்.

"ஏறு வண்டில."

"மேட்ச் இருக்கு சித்தப்பா."

"ஏறுத்தா."

அவள் பைக்கின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனாள். கத்திரிப்பூ சட்டை, கழுத்தில் துண்டு. அரையிறுதியில் நாங்கள் கேவலமாகத் தோற்றோம்.

அதற்குப் பிறகு அவள் போன் சுவிட்ச் ஆஃப். புதன்கிழமை எங்கள் டீமில் மேற்குத் தெருப் பெண் ஒருத்தி பஸ் ஸ்டாப்பில் என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். அவுக சித்தப்பா விட மாட்டேங்கிறாரு. தச்சு வாங்கினவ நம்ம வீட்டுக்கு வந்து, தெரியாம நடந்துச்சுன்னு பெரியவுக முன்னாடி சொல்லட்டும், எவனும் குடுக்கலைன்னு தெரியட்டும், அப்பறம் பாப்பம்ங்கிறாரு. நீ வருவியா, மாட்டியா?"

வீட்டில் சொன்னேன். அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"தெரியாம நடந்துச்சுன்னா என்ன அர்த்தம்? நம்ம கலரு அழுக்கா? மேல பட்டுருச்சுன்னு போய் மன்னிப்புக் கேப்பியா?"

"நீ ஸ்டேட்டஸ் வைக்காம இருந்திருந்தா நான் எதுக்குடா போறேன்?"

"நீ தைக்காம இருந்திருந்தா நான் எதுக்கு வைக்கிறேன்?"

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "படிக்கணும்னு நிக்கிற புள்ளடா அது, போயிட்டு வரட்டும்" என்றாள். அண்ணன் எழுந்து போய்விட்டான். அவன் என்னோடு பேச ரெண்டு மாசம் ஆனது.

மறுநாள் சாயங்காலம் ரோட்டைத் தாண்டிப் போனேன். எந்தச் சுடிதாரைப் போடுவது என்று அலமாரி முன்னால் அரை மணி நேரம் நின்றதை நினைத்தால் இப்போது அசிங்கமாக இருக்கிறது. சாம்பல் நிறம் போட்டேன். வீட்டு முற்றத்தில் சித்தப்பாவும் இன்னும் ரெண்டு பெரியவர்களும் சேரில் இருந்தார்கள். கேப்டனின் அம்மா, "வாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே பார்த்தார். கதவு நிலையில் கேப்டன் நின்றாள்.

எங்கள் தெருவில் வயசானவர்கள் மேற்குத் தெரு ஆண்களை ஐயா என்பார்கள். நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சித்தப்பா என்று கூப்பிடவும் இப்போது வாய் வரவில்லை. அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினேன்.

"அது தெரியாம நடந்துருச்சு. யாரும் குடுக்கல. நான் எல்லாம் ஒரே கலர்லதான் சொன்னேன். கடைக்கார பாய் ரிப்ப மாத்தித் தச்சிட்டாரு. நான் பிரிச்சுப் பாக்காமக் கொண்டு வந்துட்டேன்."

பாயை இழுப்பேன் என்று நானே நினைக்கவில்லை. அது தானாக வந்து விழுந்தது.

"எந்தக் கடை? போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

நம்பரைத் தேடி ஸ்பீக்கரில் போட்டேன். பாய் எடுத்ததும் சித்தப்பாவே பேசினார்.

"கத்திரிப்பூ கலர்ல பொம்பளப் புள்ளைக சட்ட தச்சீங்களா? அதுக்கு அந்தக் காலர் போடச் சொன்னது யாரு?"

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மெஷின் நின்றது.

"யாரும் சொல்லலைங்க. எங்க ஆளு சுருளை மாத்தி எடுத்துட்டான். என் தப்புதாண்ணே. பிள்ளைகள ஒண்ணும் சொல்லாதீங்க. வேணும்னா பன்னெண்டையும் குடுத்து விடுங்க, பிரிச்சு வேற போட்டுத் தாரேன்."

சித்தப்பா போனை என்னிடம் நீட்டினார். பெரியவர்களில் ஒருவர், "அதான, பாய்க்கு என்ன தெரியும் நம்ம ஊரு கத" என்று சிரித்தார். கேப்டன் செலக்‌ஷனுக்குப் போகலாம் என்று முடிவானது. ஆனால் இனிமேல் இந்த டீம் வேண்டாம், சேரப்போகிற காலேஜ் டீமில் மட்டும் ஆடட்டும் என்றார்கள். டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

ரோடு வரைக்கும் கேப்டன் என்னோடு வந்தாள்.

"பாய் நல்லா பொய் சொன்னாரு" என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"நீ அந்த ரிப்பப் பாத்தியா, பாக்கலையா? என்கிட்ட மட்டும் சொல்லு."

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் போடச் சொன்னியா?"

"ஆமா."

"என் கழுத்துல வரும்னு தெரிஞ்சேவா?"

"ஆமாடி."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். ஏறி மிதிப்பேன் என்று சொன்னவள்தானே. கரண்ட் கம்பத்துப் பக்கத்தில் நின்று, அதில் அடித்திருந்த அவர்கள் தெரு நிறத்தை ஒருமுறை பார்த்தாள். "நான் இதைய ஒரு நாளாச்சும் உன் மேல பூசியிருக்கேனா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

இல்லை. ஒரு நாளும் இல்லை. அவள் பூச வேண்டிய அவசியமே இல்லாமல் ஊர் முழுக்க அது பூசிக் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். அது நியாயமான பதில்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

பாய்க்கு மன்னிப்புக் கேட்டு போன் பண்ணினேன். கோபமாகப் பேசவில்லை. "பரவால்லம்மா. ஆனா நான் அன்னைக்கே கேட்டேன்ல? எங்களுக்கு எல்லா ஊருக்காரவுகளும் வேணும். அடுத்த தடவ வேற கடை பாத்துக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செலக்‌ஷன் லிஸ்ட் வந்தது. கேப்டன் பெயர் இருந்தது. அவளே சொல்லி எனக்குத் தெரியவில்லை, எல்லோரையும் போல ஃபார்வர்டில்தான் பார்த்தேன். வாழ்த்துகள் என்று டைப் பண்ணினேன். வெறும் எழுத்தாக இருக்கிறதே, ஒரு ஹார்ட் போடலாம் என்று திறந்தால் வரிசையாகக் கிடக்கிறது, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, கருப்பு, கத்திரிப்பூகூட. ஒவ்வொன்றின் மேலும் விரலைக் கொண்டுபோய் எடுத்தேன். எதை அனுப்பினாலும் அவள் அதில் என்ன பார்ப்பாள் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்றும் போடாமல் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்துவிட்டாள். டைப் பண்ணுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது.

"ம்" என்று வந்தது.